மங்கலாய்த் தெரிந்த வானம்: சந்திரா தொலைநோக்கி தரும் பாடம்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.



ஈமானின் பாடம் நடைபெறும் மத்ரஸாக்களில், பள்ளிக்கூடத்தில் அறிவியலும் பயிலும் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி எழுவதுண்டு. "மறைவானவற்றை நம்புவது ஈமான் என்கிறீர்கள். ஆனால், கண்ணுக்குத் தெரியாதவற்றையெல்லாம் கருவி வைத்துப் பார்த்துவிடுகிறார்களே, உஸ்தாத்! அப்படியானால் மறைவு என்று எதுதான் மிஞ்சும்?" வீடுகளிலும் இக்கேள்வி எழுகிறது. பெற்றோருள் சிலர் பிள்ளையை அதட்டி அடக்கிவிடுகின்றனர். வேறு சிலர் கைப்பேசியில் வந்த ஏதோ ஒரு செய்தியைக் காட்டி, "இதெல்லாம் நம் வேதத்தில் முன்பே சொல்லப்பட்டதுதான்" என்று பேச்சை முடித்துவிடுகின்றனர். இவ்விரண்டும் விடையாகா.

கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளியை மனிதர் கண்டறிந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொன்னால், பிள்ளைகளின் கேள்விக்கு விடை அதிலிருந்தே தெளியும் என்பது நம் எண்ணம். அவ்வரலாற்றில் சென்னையில் கல்வி கற்ற ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. தும்பாக் கடற்கரை இருக்கிறது. முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆராய்ந்த ஒரு வினாவும் அதில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

மேகமா, விண்மீன்களா?

நிலவில்லாத இரவில் வானத்தின் குறுக்கே வெண்ணிறமாய் ஒரு பட்டை தெரியும். தமிழில் அதைப் பால்வழி என்கிறோம். அரபியில் அது மஜர்ரா. அது என்ன என்பது பழங்காலத்தின் பெரிய வினாக்களுள் ஒன்று. அது வானத்து விண்மீன்களைச் சேர்ந்ததன்று, பூமியை ஒட்டிய மேல்வளியில் உண்டாகும் ஒரு தோற்றமே என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். பல நூற்றாண்டுகள் அக்கருத்தே செல்வாக்குப் பெற்றிருந்தது.

முஸ்லிம் அறிஞர்கள் அக்கருத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு அமைந்துவிடவில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்கள் ஒளியியலில் கிதாபுல் மனாழிர் என்னும் பெருநூலை எழுதியவர்கள். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுச் செல்வதனால் பார்வை உண்டாவதில்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதனாலேயே பார்வை உண்டாகிறது என்று நிறுவியவர்கள். பால்வழி பூமிக்கு அருகில் இருந்தால், பார்க்கும் இடம் மாறும்போது விண்மீன்களுக்கிடையே அதன் இடமும் மாறித் தெரிய வேண்டும், அவ்வாறு மாறுவதில்லை, ஆகவே அது மிகத் தொலைவில் உள்ளது என்று அவர்கள் வாதிட்டார்கள். அதே காலத்தவரான அல்பிரூனி (ரஹ்) அவர்கள், பால்வழி என்பது மேகம் போன்று தோன்றும் எண்ணற்ற விண்மீன்களின் தொகுப்பு என்று எழுதினார்கள். அந்தலூஸைச் சேர்ந்த இப்னு பாஜா அவர்களும், ஒன்றையொன்று தொடுவது போல நெருங்கியிருக்கும் பல விண்மீன்களே நமக்குத் தொடர்ச்சியான ஒளியாகத் தெரிகின்றன என்று கருதினார்கள். இவர்களில் எவரிடமும் தொலைநோக்கி இல்லை. 1610இல் இத்தாலியின் கலிலியோ தம் தொலைநோக்கியில் கண்டதை வெளியிட்டபோது, அந்த வெண்பட்டை உண்மையிலேயே எண்ணற்ற தனித்தனி விண்மீன்கள்தாம் என்பது கண்கூடாயிற்று.

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. இரவில் வடக்கே அடிவானத்தை நோக்கினால், நெய்வேலியின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் நகரியமும் இருக்கும் திசையில் மங்கலான ஒரு வெளிச்சம் பரவியிருக்கும். இங்கிருந்து அதில் விளக்கு எது, தெரு எது என்று பிரித்தறிய இயலாது. பேருந்தில் நெய்வேலியை நெருங்க நெருங்க அந்த மங்கல் தனித்தனி விளக்குகளாகப் பிரியும். மங்கல் என்பது அங்கே இருந்த ஒரு பொருளன்று. நம் தொலைவும் நம் கண்ணின் குறைவும் சேர்ந்து உண்டாக்கிய தோற்றம் அது.

இதே வினா இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. இம்முறை கண்ணுக்கே தெரியாத ஓர் ஒளியைப் பற்றி எழுந்தது.

ஏறத்தாழ ஆறு நிமிடம்

மருத்துவமனையில் எலும்பு முறிவைப் படம் எடுக்கும் எக்ஸ் கதிரை நாம் அறிவோம். 1895இல் ஜெர்மனியின் ரோண்ட்கன் அதைக் கண்டறிந்தார். அதுவும் ஒளியின் ஒரு வகையே. ஆனால் நம் கண் அதை உணராது. வானிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பூமியின் காற்று மண்டலம் முழுவதுமாக உறிஞ்சிவிடுகிறது. அவை தரைக்கு வந்தால் உயிர்கள் தாங்கா. இது இறைவனின் பெருங்கிருபை. எனவே, அக்கதிர்களைக் காண வேண்டுமாயின் கருவியைக் காற்றுக்கு மேலே கொண்டு செல்ல வேண்டும்.

1962 ஜூன் 18 அன்று இரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து வெள்ளை மணல் ஏவுதளத்திலிருந்து ஒரு சிறு ராக்கெட் புறப்பட்டது. நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கிய ஆண்டும் அதுவே. ரிக்கார்டோ ஜியாக்கோனி என்பவரும் அவருடைய தோழர்களும் அந்த ராக்கெட்டில் எக்ஸ் கதிர்களை உணரும் கருவிகளை வைத்திருந்தனர். சூரியனின் கதிர்கள் சந்திரனின் தரையில் படும்போது அங்கிருந்து எக்ஸ் கதிர்கள் எழுகின்றனவா என்று அறிவதே அவர்களுடைய நோக்கம். கருவி வேலை செய்த நேரம் ஏறத்தாழ ஆறு நிமிடமே.

சந்திரனைத் தேடியவர்களுக்கு வேறு இரண்டு கிடைத்தன. விருச்சிக விண்மீன் கூட்டத்தின் திசையில் மிகப் பிரகாசமான ஓர் எக்ஸ் கதிர் மூலம் தெரிந்தது. அத்துடன், எந்தத் திசையில் கருவி திரும்பினாலும் ஒரு மெல்லிய எக்ஸ் கதிர் ஒளி வானம் முழுதும் பரவியிருந்தது. இதற்கு 'எக்ஸ் கதிர்ப் பின்னணி' என்று பெயர் வந்தது.

அந்தப் பின்னணி ஒளி எங்கிருந்து வருகிறது? அறிஞர்கள் இரு அணியாயினர். விண்வெளி முழுதும் மிகச் சூடான வாயு நிறைந்திருக்கிறது, அதன் ஒளியே இது என்றனர் ஓர் அணியினர். மங்கல் உண்மையிலேயே மங்கல்தான் என்பது இதன் பொருள். அப்படியன்று, மிகத் தொலைவிலுள்ள எண்ணற்ற தனி மூலங்களின் ஒளிகள் கலந்தே நமக்கு இப்படித் தெரிகின்றன என்றனர் மற்றோர் அணியினர். பழைய பால்வழி வினா புதிய உருவில் வந்து நின்றது. அது தீர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தும்பாவிலிருந்து விண்ணுக்கு

இத்துறையில் நம் நாடும் தொடக்கத்திலேயே அடியெடுத்து வைத்தது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவக் கிராமத்திலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அவ்வூர்க் கிறிஸ்தவ மக்கள் தங்கள் தேவாலயத்தையே அப்பணிக்கு விட்டுக்கொடுத்தனர். அந்த ராக்கெட்டை ஒருங்கிணைக்கும் பணியில் இருந்த இளம் பொறியாளர், இராமேஸ்வரத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள்.

அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் யு.ஆர்.ராவ் அவர்களின் குழுவினர் வானத்து எக்ஸ் கதிர்களை அளக்கும் கருவிகளைத் தும்பாவிலிருந்தே ராக்கெட்டுகளில் அனுப்பினர். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஐதராபாத்திலிருந்து பெரிய பலூன்களில் கருவிகளை ஏற்றி அனுப்பி அளந்தனர். 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணில் செலுத்தப்பட்ட நம் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவிலும் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. சில நாட்களிலேயே மின்சாரக் கோளாறு ஏற்பட்டு அதன் ஆய்வுகள் நின்றுபோயின. ஆயினும் அந்தப் பணி தொடர்ந்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் என்னும் முழுமையான வானாய்வுக்கூடமே விண்ணுக்குச் சென்றது. முதற்கோளுக்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள்!

சென்னை மாணவரின் பெயர்

இனிப் பின்னணி ஒளியின் வினாவுக்கு வருவோம். 1990 ஜூன் மாதம் ரோசாட் என்னும் ஜெர்மானியச் செயற்கைக்கோள் சந்திரனை எக்ஸ் கதிரில் படம் எடுத்தது. சூரிய ஒளி படும் பகுதி ஒளிர்ந்தது. 1962இல் தேடியது அதைத்தான். அதைவிட வியப்பானது மறுபகுதி. சந்திரனின் இருண்ட பகுதி, சுற்றியுள்ள வானத்தைவிடக் கருமையாகத் தெரிந்தது. பின்னணி ஒளி சந்திரனுக்கு அப்பாலிருந்து வருகிறது என்பதையும், சந்திரன் அதைத் திரைபோல மறைக்கிறது என்பதையும் அப்படம் கண்முன் காட்டியது. விண்வெளி முழுதும் சூடான வாயு நிறைந்திருப்பதாகக் கூறிய கருத்தும் அக்காலத்திலேயே வலுவிழந்தது. அவ்வளவு வாயு இருந்தால் பேரண்டத்தின் நுண்ணலைப் பின்னணி ஒளியில் அதன் தடயம் தெரிய வேண்டும். கோபே என்னும் செயற்கைக்கோள் அளந்தபோது அத்தடயம் காணப்படவில்லை.

எஞ்சியது, புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டக் கூர்மையான ஒரு கண் மட்டுமே. அந்தக் கண் 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலத்தில் ஏறிச் சென்றது. அதன் பெயர் சந்திரா. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஒரு போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அப்பெயர், சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களைக் குறிக்கும்.

1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சந்திரசேகர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, பத்தொன்பது வயதில், அவர் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகும் என்பது அன்றைய அறிவு. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் இருந்தால் அது அந்நிலையில் நிற்க முடியாது, மேலும் நொறுங்கும் என்று அவருடைய கணக்கு கூறியது. 1935இல் இலண்டனில், அக்காலத்தின் பெரும் வானியலாளரான எடிங்டன் இக்கருத்தைச் சபையிலேயே மறுத்துப் பேசினார். இளைஞரான சந்திரசேகர் சண்டையிடவில்லை, கணக்கைக் கைவிடவுமில்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நொறுங்கிய விண்மீன்கள் கருந்துளைகளாகவும் ஆகக்கூடும் என்பதை இன்று உலகம் ஏற்கிறது. அவர் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி கண்டவற்றுள் பெரும்பாலானவை கருந்துளைகள்தாம் என்பது பொருத்தமான நிகழ்வு.

ஒரு துண்டு வானம்

எக்ஸ் கதிரைச் சாதாரணக் கண்ணாடியால் குவிக்க இயலாது. அது ஊடுருவிவிடும் அல்லது உறிஞ்சப்படும். குளத்து நீரின் மேல் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வது போல, மிகச் சாய்வாகப் பட்டால் மட்டுமே அது திரும்பும். ஆகவே சந்திராவின் ஆடிகள் ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய குழாய்களைப் போல அமைக்கப்பட்டன. பூமியின் நிழலும் இடையூறும் குறைவாக இருக்கும்படி, சந்திரனுக்குள்ள தொலைவில் மூன்றில் ஒரு பங்குவரை செல்லும் நீள்வட்டப் பாதையில் அது சுற்றுகிறது.

அந்தத் தொலைநோக்கியைத் தென்வானத்தில் ஃபோர்னாக்ஸ் என்னும் விண்மீன் கூட்டத்திலுள்ள ஒரு சிறு பகுதியை நோக்கித் திருப்பினர். கண்ணுக்கு அங்கே பிரகாசமான விண்மீன் எதுவும் தெரியாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தனர். நம் பால்வழியின் வாயு அங்கே மெல்லியதாக இருப்பதால், அது தொலைவைக் காட்டும் சன்னல் போன்றது. 'சந்திரா ஆழ்புலம்: தெற்கு' என்று அதற்குப் பெயர். முதலில் ஏறத்தாழ பத்து இலட்சம் விநாடிகள், அதாவது பதினொன்றரை நாட்கள், அதே இடத்தைப் பார்த்தனர். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 1962இல் அந்த மங்கலை முதன்முதலில் கண்ட அதே ஜியாக்கோனி. இளமையில் எழுந்த வினாவுக்கு முதுமையில் விடை காணும் வாய்ப்பை அவர் பெற்றார். 2002இல் நோபல் பரிசும் பெற்றார்.

பின்னர் வந்தவர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். 2016 வரை சிறிது சிறிதாகச் சேர்த்த நேரம் மொத்தம் 70 இலட்சம் விநாடிகள், ஏறத்தாழ 81 நாட்கள். முழுநிலவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கே உள்ள அத்துண்டு வானில், 2017இல் வெளிவந்த பட்டியலின்படி, 1008 எக்ஸ் கதிர் மூலங்கள் காணப்பட்டன. மிக மங்கலானவற்றிலிருந்து ஓர் ஒளித்துகள் வந்து சேரவே பல நாட்கள் ஆயின. அவற்றுள் பெரும்பாலானவை, தொலைதூர விண்மீன் திரள்களின் நடுவே அமர்ந்து சுற்றிலுமுள்ள வாயுவை ஈர்க்கும் மாபெரும் கருந்துளைகள். உள்ளே விழும் வாயு கொதித்து எக்ஸ் கதிரை உமிழ்கிறது. நடுப்பகுதியில் கண்ட அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், முழுநிலவின் அளவுள்ள வானில் இத்தகைய கருந்துளைகள் 5,000, வானம் முழுதும் ஏறத்தாழ 100 கோடி என்றாகிறது. சுப்ஹானல்லாஹ்!

புள்ளியைக் கண்டதுடன் அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, இடம் குறித்து, வேறு தொலைநோக்கிகளால் அதே இடத்தைப் பார்த்து, அது எந்த விண்மீன் திரள், எவ்வளவு தொலைவு என்று விசாரித்தனர். நம் ஆஸ்ட்ரோசாட்டும் 2016இல் அதே புலத்தைப் புறஊதாக் கதிரில் பார்த்தது. புனேயைச் சேர்ந்த ஆய்வாளர் கனக் சாஹாவின் குழுவினர், 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளிலிருந்து வரும் வலிமையான புறஊதாக் கதிரை அதில் கண்டு, 2020இல் வெளியிட்டனர்.

இவ்விசாரணை முறை நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் "மக்கள் சொல்கிறார்கள்" என்று எதையும் ஏற்கவில்லை. அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயர், ஊர், ஆசிரியர், நினைவாற்றல், நேர்மை ஆகியவற்றைத் தனித்தனியே விசாரித்து ரிஜால் நூல்களை எழுதினார்கள். கூட்டத்தை ஆட்களாகப் பிரித்துப் பார்ப்பதே உண்மையை அறியும் வழி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மறைவு எது?

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். எக்ஸ் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும் அது மார்க்கம் கூறும் கைப் அன்று. மறைவை உலமாக்கள் இரண்டாக வகுப்பார்கள். ஒன்று, சிலருக்கு மறைந்து சிலருக்குத் தெரிவது. இன்று மறைந்து நாளை வெளிப்படுவது. அடுத்த அறையில் இருப்பது அங்கில்லாதவருக்கு மறைவு. கருந்துளை 1900இல் வாழ்ந்தவருக்கு மறைவு. மற்றொன்று, அல்லாஹ் அறிவித்தாலன்றி எந்தப் படைப்பும் தானாக அறிய முடியாதது. மறுமை நாள் வரும் வேளை, கப்ருடைய வாழ்வு, சுவனம், நரகம் ஆகியவை அத்தகையவை. முதல் வகையைத் தேடுவதற்கே அறிவும் கருவியும் தரப்பட்டன. இரண்டாம் வகையைக் காணத் தொலைநோக்கி செய்யப்படவுமில்லை. அது தன் வேலை என்று தொலைநோக்கி சொல்லவுமில்லை. முதல் வகையில் எத்தனை கதவுகள் திறந்தாலும் இரண்டாவதில் ஒரு துளியும் குறையாது. ஆகவே, அறிவியல் வளர்ந்தால் ஈமான் சுருங்கும் என்னும் அச்சம் வேண்டியதில்லை.

அதுபோலவே, ஒவ்வொரு கண்டுபிடிப்பும் வந்த பின்னர் அதற்கு ஓர் ஆயத்தைத் தேடி ஒட்டுவதும் வேண்டியதில்லை. அறிவியல் கருத்து நாளை திருத்தப்படலாம். அப்போது வேதத்தையா திருத்துவோம்? வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திக்குமாறும், மீண்டும் மீண்டும் பார்வையைத் திருப்பிப் பார்க்குமாறும் திருக்குர்ஆன் நம்மை ஏவுகிறது. அந்த ஏவலை இப்னுல் ஹைஸம் அவர்களைப் போன்றோர் உழைப்பாக மாற்றினார்கள். நாமோ பலவேளை கைப்பேசிச் செய்தியாக மட்டும் மாற்றுகிறோம். முயற்சியின்றிப் பெருமை கொள்வது அறிவாகாது.

மற்றொன்றும் உண்டு. ஆழ்புல ஆய்வுகள் பின்னணி ஒளி முழுவதையும் பிரித்துவிடவில்லை. குறைந்த ஆற்றலுள்ள கதிர்களில் பெரும்பகுதி தனி மூலங்களாகப் பிரிந்துவிட்டது. மிகுந்த ஆற்றலுள்ள கதிர்களில் பெரும்பங்கு இன்னும் மங்கலாகவே நிற்கிறது. அடர்ந்த தூசியும் வாயுவும் மூடிய கருந்துளைகள் அதற்குக் காரணமாகலாம் என்கின்றனர். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் இந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தயங்காமல் "தெரியாது" என்றே விடையளித்தார்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது, "தெரியவில்லை, இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லும் தந்தையும் தாயும் அந்த இமாமின் வழியில் நிற்கிறார்கள்.

நாம் மங்கலாகக் காண்பதையெல்லாம் அல்லாஹ் தனித்தனியே அறிகிறான். உதிரும் இலை ஒன்றும் அவன் அறிவுக்குத் தப்புவதில்லை. 81 நாட்கள் உற்றுப் பார்த்து மனிதர் ஆயிரத்தெட்டை எண்ணினர். அவனோ எண்ணிக்கை முழுவதையும் படைக்கும்போதே அறிந்தவன். ஜும்ஆவின் பெருங்கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பவரும் அவனிடம் கூட்டத்தில் ஒருவரல்லர். தம் பெயருடனும் தம் துஆவுடனும் தனியே அறியப்பட்டவர். பிள்ளைகளுக்கு நாம் ஊட்ட வேண்டிய ஈமான் இதுதான்.

டிசம்பர் மாத இறுதியில், வானம் தெளிந்த ஓர் இரவில், இஷாத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று தெற்கு நோக்கி நிற்கச் சொல்லுங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவே, ஒன்றுமில்லாதது போல் தெரியும் பகுதியைக் காட்டுங்கள். அங்கே என்ன இருக்கிறது என்பதையும், அதைக் காண எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் பொறுமையுடன் உழைத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளை அதட்டாமல் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வாயாக! அறியாததை அறியோம் என்று ஒப்புக்கொள்ளும் பணிவையும், உன் படைப்பைச் சிந்திக்கும் உள்ளத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம்.